தொடுதிரை பழகினால் தேர்ச்சி வந்துவிடாது

பள்ளிக்கூடத்தில் இணைய எழுத்தறிவையும் ஊடக எழுத்தறிவையும் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில் வருகிறது: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வயதில் யூடியூபைத் தானே திறக்கிறார்கள். பத்து வயதில் தாத்தாவின் கைபேசியைச் சரிசெய்து கொடுக்கிறார்கள். ஆசிரியருக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனவே கருவியையும் இணைய இணைப்பையும் கொடுத்தால் போதும், மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர் இதைச் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். திட்டம் வகுப்போரும் இதை நம்பித்தான் நிதி ஒதுக்குகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. அதனால் விளைவது தீங்கு. கருவியை இயக்கத் தெரிவது ஒரு திறன். அதன் வழியே வந்துசேரும் செய்தியை எடைபோடத் தெரிவது வேறொரு திறன். முதலாவது பழக்கத்தில் வரும். இரண்டாவது, எழுதப் படிக்கக் கற்பதைப் போலவே, ஒருவர் கற்றுக்கொடுத்தால்தான் வரும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருசேரக் கற்றுக்கொடுக்கக்கூடிய இடம் வகுப்பறை ஒன்றே. இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் ஐந்து. அவற்றுள் ஒன்றும் சோதனையில் தேறுவதில்லை.

பிறவியறிவு என்னும் நம்பிக்கை

முதல் வாதம், பிள்ளைகள் பிறக்கும்போதே இணைய உலகத்தின் குடிகளாகப் பிறக்கிறார்கள் என்பது. இந்தக் கருத்தைப் பரப்பியது அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதிய கட்டுரை. இளையவர்கள் அந்த உலகின் பூர்வகுடிகள், மூத்தவர்கள் அங்கே குடியேறியவர்கள் என்று அவர் பிரித்தார். ஆய்வுச் சான்று எதையும் முன்வைக்காத அந்தப் பிரிவினை உலகெங்கும் கல்வித் துறையினரின் வாய்ப்பாடாகிவிட்டது. 2009இல் பிரென்ஸ்கியே அந்தப் பிரிவினை இனி அவ்வளவாகப் பொருந்தாது என்று கருதி, தொழில்நுட்பத்தை விவேகத்தோடு கையாள்வதைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவர் விட்ட இடத்தைக் கல்வித் துறை இன்னும் விடவில்லை.

அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. பல நாடுகளின் 8ஆம் வகுப்பு மாணவர்களின் கணினி, தகவல் திறனை ஒப்பிடும் பன்னாட்டு ஆய்வு 2018இல் நடந்தது. தகவலைத் தேடி எடுத்து, அதன் நம்பகத்தன்மையைத் தாமே மதிப்பிட்டுப் பயன்படுத்தும் உச்ச நிலையை எட்டியவர்கள் 2 விழுக்காட்டினர் மட்டுமே. கருவிகளோடு வளர்வதால் மட்டுமே பிள்ளைகளுக்குத் தேர்ந்த திறன் வந்துவிடுவதில்லை என்பது அந்த ஆய்வின் தலையாய முடிவுகளுள் ஒன்று. பெரும்பாலும் வசதி மிகுந்த நாடுகளின் பிள்ளைகள் அவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்திய நிலவரத்தை, கல்வியின் நிலையை அளந்து அறிக்கை வெளியிடும் ஏசர் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை காட்டுகிறது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்தில் வாழும் 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு அது. பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஏறத்தாழ அதே அளவினருக்கு அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. அவர்களில் 90 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். யூடியூபில் ஒரு காணொலியைத் தேடி எடுத்து வேறொருவருக்கு அனுப்புவது பெரும்பாலோருக்கு எளிதாக இருந்தது. ஆனால் கூகுள் வரைபடத்தைப் பார்த்து ஓர் ஊருக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் முடிந்தது. சமூக ஊடகம் பயன்படுத்துபவர்களில் பாதிப் பேருக்குத்தான் அதன் பாதுகாப்பு அமைப்புகள் தெரிந்திருந்தன. பார்ப்பதும் பகிர்வதும் கைவந்துவிட்டன. ஒரு தேவைக்காகப் பயன்படுத்துவதும் தற்காத்துக்கொள்வதும் கைவரவில்லை.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரிடம் சொந்தக் கைபேசி இருந்தது. பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால், தம்பியின் கைபேசியை அரைமணி நேரம் கேட்டு வாங்கிப் பார்க்கும் அக்காவுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. வீட்டில் கிடைக்காததைக் கொடுப்பதற்காக உண்டானதுதான் பொதுப்பள்ளி.

தெரியாதது எது?

பிள்ளைகளுக்குத் தெரியாதது எது என்பதைத் துல்லியமாகக் காட்டியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் தலைமையில் இயங்கிய வரலாற்றுக் கல்விக் குழு. 2016இல் வெளியான அதன் ஆய்வில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு படம் காட்டப்பட்டது. அதில் இருந்தவை உருக்குலைந்த, ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது போன்ற வெள்ளைப் பூக்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் இப்படி ஆயின என்று படத்தின் தலைப்பு சொன்னது. அந்த அணு உலைக்கு அருகில் நிலவும் சூழலுக்கு இந்தப் படம் வலுவான சான்றாகுமா என்பதுதான் கேள்வி.

படத்தை எடுத்தவர் யார் என்பதற்கு அதில் குறிப்பில்லை. எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு அடையாளமில்லை. பூக்கள் அப்படி ஆனதற்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை. இருந்தும் ஏறத்தாழ 40 விழுக்காட்டு மாணவர்கள் வலுவான சான்று என்று எழுதினார்கள். கண்ணுக்கு முன்னால் படம் இருக்கிறதே என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு முறையாக மறுத்தவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. நடுநிலைப் பள்ளி மாணவர்களிலோ 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், ‘விளம்பரதாரர் உள்ளடக்கம்’ என்று பொறிக்கப்பட்டிருந்த பகுதியையும் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதே குழு பின்னர் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இணைய இணைப்புள்ள கணினியைக் கொடுத்தே சோதித்தது. வாக்குப்பெட்டியில் கள்ளவாக்குகளைத் திணிக்கும் மங்கலான காணொலி ஒன்று காட்டப்பட்டது; 2016இல் அமெரிக்காவில் நடந்த வாக்கு மோசடி என்று அதற்கு விளக்கம். உண்மையில் அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. ஓரிரு சொற்களைத் தேடியிருந்தாலே மூலம் தெரிந்திருக்கும். 52 விழுக்காட்டினர் அதை வலுவான சான்றாக ஏற்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். கருவி கையில் இருந்தது, இணைப்பும் இருந்தது. தேடிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இல்லை.

வயதும் படிப்பும் கூடினால் இது தானே வந்துவிடும் என்று நம்பவும் இடமில்லை. வைன்பர்க்கும் சாரா மெக்ருவும் 45 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். ஏறத்தாழ ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையதளங்கள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்று 1930 முதல் இயங்கும் மாபெரும் தொழில்முறைச் சங்கம். மற்றொன்று கொள்கை மாறுபாட்டால் 2002இல் பிரிந்த சிறு குழு. சரிபார்ப்பாளர்கள் அனைவரும் பெரிய சங்கமே நம்பத்தக்கது என்றார்கள். வரலாற்றாசிரியர்களில் பாதிப் பேர்தான் அதைச் சொன்னார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் தவறவிட்டார்கள்.

வேறுபாடு வேலைசெய்த முறையில் இருந்தது. மாணவர்களும் வரலாற்றாசிரியர்களும் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே இருந்து மேலிருந்து கீழாகப் படித்தார்கள். வடிவமைப்பு, மேற்கோள், முகவரி, சின்னம் ஆகியவற்றைப் பார்த்து முடிவுக்கு வந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் தளத்தை விட்டு வெளியேறினார்கள். புதிய பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். தளம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அவர்கள் சான்றாகவே கொள்ளவில்லை. இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். இதற்குப் பிறவி மேதைமையோ மிகுந்த கல்வியோ வேண்டியதில்லை. இது ஒரு தொழில்நுணுக்கம். சொல்லிக்கொடுத்தால் பதின்மூன்று வயதிலும் வரும், சொல்லிக்கொடுக்காவிட்டால் முனைவர் பட்டத்துக்குப் பிறகும் வராது.

கணினிப் பாடம் போதும் என்போருக்கு

இரண்டாவது வாதம், பள்ளியில் ஏற்கெனவே கணினி கற்பிக்கப்படுகிறது என்பது. தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமன்று. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு 2011 முதல் விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் அமைந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அறிவியல் பாடநூல்களிலும் கணினிக்கு இடமுண்டு: 6ஆம் வகுப்பில் கணினியின் பாகங்கள், 10ஆம் வகுப்பில் ஸ்கிராட்ச் மென்பொருள். இவை அனைத்தும் தேவையானவை. ஏழைப் பிள்ளைக்குக் கருவியைக் கொண்டுசேர்த்த திட்டங்களைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் கேள்வி வேறு. உள்ளீட்டுக் கருவி எது, வெளியீட்டுக் கருவி எது என்று சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், மாலையில் வீட்டுக்குப் போய்க் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குரல்பதிவைக் கேட்கும்போது அந்தப் பாடம் எந்த வகையில் கைகொடுக்கும்?

2018இல் நாடெங்கும் சுற்றிய ஒரு காணொலியை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற எச்சரிக்கையோடு அது பரவியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதே இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, பெற்றோரை எச்சரிக்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுவதுடன் மூலப்படம் முடிகிறது. அந்தக் கடைசிச் சில நொடிகளை மட்டும் யாரோ வெட்டியெடுத்திருந்தார்கள்.

இந்த மோசடியைப் பிடிக்கக் கணினி அறிவு தேவைப்படவில்லை. இது எந்த ஊர், எப்போது எடுத்தது, முன்னும் பின்னும் என்ன இருந்தது, அனுப்பியவர் யாரிடமிருந்து பெற்றார் என்ற நான்கு கேள்விகள் போதும். அந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அவர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்தவர்கள் பிள்ளை பிடிப்பவர்கள் என்று முடிவுகட்டினார்கள். ஊர் திரண்டு அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். கைபேசி இயக்கத் தெரியாதவர்கள் பரப்பிய வதந்தியன்று அது. நன்றாக இயக்கத் தெரிந்தவர்கள் பரப்பியது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவியபோதும் இதுவே நடந்தது. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்களின் படங்களுக்குப் புதிய விளக்கம் ஒட்டப்பட்டிருந்தது. திருப்பூர் போன்ற ஊர்களில் வேலை செய்தவர்கள் அஞ்சி ரயிலேறினார்கள். காவல்துறைத் தலைவர் அவை பொய்யானவை என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. சம்பளத்தை விட்டுவிட்டுப் போன தொழிலாளிக்கு அந்த விளக்கம் பிந்தித்தான் கிடைத்தது.

சட்டமும் தடையும்

மூன்றாவது வாதம், பொய்ச் செய்தியைச் சட்டமும் நிறுவனங்களும் தடுக்க வேண்டும், பிள்ளைகளின் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. பொய்யால் ஆதாயம் பெறும் நிறுவனங்களைப் பொறுப்பேற்க வைக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு இலங்கையே சான்று.

2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில், கறியில் கிடந்த வெள்ளைக் கட்டியைக் காட்டி மலடாக்கும் மாத்திரை கலந்தாயா என்று ஒரு கூட்டம் கேட்டது. சிங்களம் சரியாகத் தெரியாத முஸ்லிம் ஊழியர் அச்சத்தில் ஆமாம் என்பதுபோல் பதில் சொன்னார். அந்தக் காணொலி ஃபேஸ்புக்கில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி மாவுதான் என்று அரசுப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் மார்ச்சில் கண்டி மாவட்டம் திகன பகுதியில் கலவரம் வெடித்து, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. மக்கள் முடக்கத்தைச் சுற்றிச்செல்ல உதவும் விபிஎன் வழியாக உள்ளே போனார்கள். தன் பங்குக்காக ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020இல்.

சட்டமும் நிறுவனமும் எப்போதும் பிந்தியே வருகின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் பொய்க்கும் வன்முறைக்கும் நடுவே நிற்கக்கூடியவர் கைபேசியை ஏந்தியிருப்பவர் மட்டுமே. ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் வரம்பு விதித்தது. அது வேகத்தைக் குறைத்தது. எதை யாருக்கு அனுப்புவது என்ற தீர்ப்பு பயனரிடமே இருக்கிறது.

வயதுத் தடையும் இப்படித்தான். ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதிக்கும் சட்டத்தை 2024இல் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. பிள்ளைகளின் மனநலத்துக்கு அது நன்மை தரலாம். ஆனால் 16ஆவது பிறந்தநாளன்று கதவு திறக்கும்போது உள்ளே நுழையும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. தடை காலத்தைத் தள்ளிப்போடும்; அந்தக் காலத்தில் கற்பித்தால்தான் தடைக்கும் பொருளுண்டு.

கற்பித்துப் பயனில்லை என்போருக்கு

நான்காவது வாதம் மற்றவற்றைவிட வலுவானது: ஊடக எழுத்தறிவு கற்பித்தாலும் பயன் இல்லை; சில நேரம் தீமையும் உண்டு. 2019 மக்களவைத் தேர்தலையொட்டிப் பீகாரின் கயா மாவட்டத்தில் அரசியல் அறிஞர் சுமித்ரா பத்ரிநாதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் செய்த ஆய்வை இதற்குச் சான்று காட்டலாம். பொய்ச் செய்தியைக் கண்டறிவது எப்படி என்று நேரில் ஒரு மணி நேரம் கற்பித்தும் ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

அந்த ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. அவரும் உடன் ஆய்வாளர்களும் அதே பீகாரில், இம்முறை பள்ளி மாணவர்களை வைத்து, மீண்டும் சோதித்தார்கள். 583 ஊர்களைச் சேர்ந்த, 8 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் 13,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு ஒன்றரை மணி நேர வகுப்புகள் நான்கு, 14 வாரங்களில் பரவலாக நடந்தன. ஒப்பீட்டுக்கான மற்றப் பிரிவினருக்கு ஆங்கில வகுப்பு நடந்தது. வகுப்பில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் உடல்நலம் பற்றியவை. பயிற்சி பெற்றவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் தெளிவாக முன்னேறினார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகும் அந்தத் திறன் நிலைத்திருந்தது. வகுப்பில் பேசப்படாத அரசியல் செய்திகளிலும் அது வேலை செய்தது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் முன்னேற்றம் தெரிந்தது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் ஐயத்துக்கு இடமற்றது. பெரியவர்களிடம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவதில் பயனில்லை. இளம் வயதில், ஆசிரியரின் முன்னால், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பழகினால் பயனுண்டு. அமெரிக்காவின் லிங்கன் நகரப் பள்ளிகளில் 499 மாணவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: 50 நிமிட வகுப்புகள் ஆறு போதுமாக இருந்தன, இணையதளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் திறன் கூடியது. பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழிப்புணர்வு முகாம், காவல்துறையினரின் ஒருநாள் உரை, உறுதிமொழி ஏற்பு ஆகியவை கயா வகையைச் சேர்ந்தவை. அவை பயன் தராததைக் காட்டிக் கல்வியே பயன் தராது என்று சொல்வது, மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மருத்துவத்தைக் குறைசொல்வதாகும்.

தீமை விளையும் என்ற எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் 2018இல் இதை எழுப்பினார்: எல்லாவற்றையும் ஐயப்படு என்று மட்டும் கற்பித்தால், பிள்ளைகள் நல்ல மருத்துவரையும் நாளிதழையும்கூட நம்ப மறுத்து, ஐயத்தை விற்பவர்களின் கையில் விழுவார்கள். இது உண்மை. எனவே வகுப்பறையில் கற்பிக்க வேண்டியது ஐயம் மட்டுமாக இருக்க முடியாது. எதை, எந்த அளவுக்கு, ஏன் நம்பலாம் என்பதே பாடம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் பின்வாங்கினார்கள். முகாமை நீட்டிக்க நேர்ந்தது. அந்தப் பெற்றோரிடம் ஐயத்துக்குக் குறைவில்லை. தடுப்பூசி எப்படிச் சோதிக்கப்படுகிறது, பரிந்துரைப்பவர் யார், குரல்பதிவில் பேசுபவர் யார் என்று ஒப்பிட்டு, நம்பிக்கையை உரிய இடத்தில் வைக்கும் பயிற்சிதான் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

நேரமில்லை, வசதியில்லை

ஐந்தாவது வாதம் ஆசிரியர் அறையிலிருந்து வருவது: பாடத்திட்டமே முடியவில்லை, இதற்கு எங்கே பீரியடு? எல்லாப் பிள்ளைக்கும் கருவி எங்கே? ஆசிரியருக்கே தெரியாததை எப்படி நடத்துவது? சுமை உண்மையானது, ஆனால் அந்தச் சுமையைக் கூட்டாமலேயே இதைச் செய்ய முடியும். ஊடக எழுத்தறிவு தனிப்பாடமாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. பின்லாந்து 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கலைத்திட்டத்தில் பல்வகை எழுத்தறிவை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான ஏழு திறன்களுள் ஒன்றாக வைத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1987இலேயே, உலகளாவிய வலை பிறப்பதற்கு முன்பே, ஊடக எழுத்தறிவை மொழிப்பாடத்துக்குள் சேர்த்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2018இல் கண்ணூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகள் நடந்தன. அது பின்னர் மாநிலத் திட்டமாக விரிந்தது.

இருக்கும் பாடங்களுக்குள்ளேயே இதற்கு இடமிருக்கிறது. தமிழாசிரியர் செய்வினை, செயப்பாட்டு வினையை எப்படியும் நடத்தியாக வேண்டும். ‘கண்டறியப்பட்டுள்ளது’, ‘எச்சரிக்கப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்று முடியும் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கரும்பலகையில் எழுதி, கண்டறிந்தவர் யார், எச்சரித்தவர் யார் என்று கேட்டுச் செய்வினையாக மாற்றச் சொல்லலாம். எழுவாய்க்கு ஆள் கிடைக்காத இடத்தில் மாணவரின் பேனா நின்றுவிடும். சொன்னவர் யார் என்று செய்தி மறைப்பதை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். பாடமும் முடிந்தது; பயிற்சியும் முடிந்தது.

கணித வகுப்பில் பட்டை வரைபடம் உண்டு. இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி 92 விழுக்காடு, 96 விழுக்காடு என்று கொண்டால், செங்குத்து அச்சைப் பூச்சியத்தில் தொடங்கி வரையும்போது இரண்டு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரமாக இருக்கும். அதே எண்களுக்கு அச்சை 90இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எண் ஒன்றுகூடப் பொய்யில்லை, படம் ஏமாற்றுகிறது. விளம்பரங்களும் தேர்தல் பரப்புரைகளும் நாள்தோறும் செய்யும் இந்த வித்தையைத் தன் கையாலேயே வரைந்து பார்த்த பிள்ளை, அடுத்தமுறை வரைபடத்தைப் பார்த்ததும் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கும்.

அறிவியல் வகுப்பில் தடுப்பூசி பற்றிய வதந்தியையும் பாடநூல் சொல்லும் நோய்த்தடுப்பையும் அருகருகே வைக்கலாம். சமூக அறிவியல் வகுப்பில் ஒரு கலவரப் படத்தைக் கொடுத்து, கடைப் பலகையின் மொழி, வண்டியின் எண் பலகை, மக்களின் உடை, மரங்கள் ஆகியவற்றைக் கொண்டு அது எந்த ஊராக இருக்கலாம் என்று ஊகிக்கச் சொல்லலாம். வரலாற்று மாணவர் கல்வெட்டையும் செப்பேட்டையும் பற்றிக் கேட்கும் கேள்விகள்தான் இவை: யார் பொறித்தது, எப்போது, யாருக்காக, வேறு சான்று உண்டா? இவற்றில் எதற்கும் ஆளுக்கொரு கருவி தேவையில்லை. அச்சிட்ட தாளும் கரும்பலகையும் போதும். தேடிப் பார்க்கும் பயிற்சிக்கு ஆசிரியரின் கைபேசியோ ஹைடெக் லேபில் ஒரு மணி நேரமோ போதும்.

ஆசிரியருக்குத் தெரியாது என்பது கைவிடுவதற்குக் காரணமாகாது, பயிற்றுவிப்பதற்கான காரணம். செயலியை மாணவர் வேகமாக இயக்கலாம். சான்றைக் கேட்டு, ஒப்பிட்டு, முடிவுக்கு வரும் முறையில் ஆசிரியரே தேர்ந்தவர். அவருடைய பாடமே அதுதான். ஆசிரியர் பயிற்சியில், செயலிகளை அறிமுகப்படுத்துவதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும். தமிழில் எடுத்துக்காட்டுகள் வேண்டும் என்பதும் முக்கியம். ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்து நடத்தினால் பிள்ளைகளின் கைபேசிக்கு வரும் குரல்பதிவுக்கும் பாடத்துக்கும் தொடர்பற்றுப் போகும். பொய் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே பயிற்சியும் நடக்க வேண்டும்.

இவை அனைத்தும் நிலைக்க இறுதியாக ஒன்று தேவை: தேர்வுத்தாளில் இடம். தேர்வில் வராதது வகுப்பிலும் நிற்காது என்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எல்லாரும் அறிந்தது. 10ஆம் வகுப்புத் தமிழ்த் தாளில் படிக்காத ஒரு செய்தியைக் கொடுத்து அதன் மூலத்தை எப்படிச் சரிபார்ப்பாய் என்று ஒரு வினா, கணிதத் தாளில் ஏமாற்றும் வரைபடத்தின் பிழையைக் காட்டச் சொல்லி ஒரு வினா, சமூக அறிவியல் தாளில் முரண்படும் இரண்டு சான்றுகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லி ஒரு வினா: இவை வந்துவிட்டால் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் மாதிரி வினாத்தாளும் அவற்றின் பின்னாலேயே வந்துசேரும். பெரிய நிதியோ புதிய துறையோ வேண்டாம். பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வார்கள் என்று கைகழுவும் போக்கைக் கல்வித் துறை விட்டுவிட்டு, வினாத்தாள் வகுக்கும் குழுவிலிருந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.